வெளிநாட்டில் வண்டி ஓட்டலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளோடு இரண்டு மாதம் நிற்க டொரொன்டோ போகிறேன். மருமகனின் காரை ஓட்ட சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் கட்டாயமா?
– வாசகர், உவர்மலை

பதில்: இரண்டு மாதத்துக்குக் கட்டாயமில்லை. டொரொன்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் சுற்றுலா வந்தவர் மூன்று மாதம் வரை தன் நாட்டு லைசன்ஸோடு ஓட்டலாம். ஆனாலும் எடுத்துக்கொண்டு போங்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனவர்கள் சொன்ன தேதிக்குத் திரும்புவது அபூர்வம். மூன்று மாதம் தாண்டினால் அது தேவை. அங்கே இருந்துகொண்டு எடுக்கவும் முடியாது, லைசன்ஸ் தந்த நாடுதான் தரவேண்டும். நீங்கள் ஓட்டப்போவதை மருமகன் தன் காப்புறுதிக் கம்பனிக்கு முன்கூட்டியே சொல்லட்டும். அங்கே வலப்பக்க ஓட்டம். நேர் வீதியில் கை பழகிவிடும். தடுமாற்றம் வருவது இடப்பக்கம் திரும்பும்போதுதான். முதல் சில நாள் பக்கத்தில் ஒருவரை வைத்து ஓட்டுங்கள்.

கேள்வி: அடுத்த வருடம் குடும்பமாக ஜப்பான் போகிறோம். மூன்று வருடம் செல்லுபடியாகும் ‘சர்வதேச லைசன்ஸ்’ இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: வாங்கவே வேண்டாம். சர்வதேச அனுமதிப்பத்திரங்களில், வீதிப் போக்குவரத்துக்கான 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை மாதிரியை மட்டுமே ஜப்பான் ஏற்கும். இலங்கை அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. இங்கே அதைத் தருவது கொழும்பு காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் உள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன். அதன் ஆயுள் வழங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்தான். இப்போதே எடுத்தால் பயணத்துக்கு முன்பே பாதி நாள் கரைந்துவிடும். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது எடுங்கள்.

அனுமதிப்பத்திரப் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் படம் ஒட்டிய பக்கத்தை அங்கேயே நின்று பாருங்கள். ஏ முதல் ஈ வரை எழுத்துகள் இருக்கும். எந்த எழுத்துக்கு நேரே முத்திரை விழுந்திருக்கிறதோ அந்த வாகனம்தான் ஓட்டலாம். பி என்றால் சாரதி தவிர எட்டு இருக்கை வரை, 3,500 கிலோ வரை. சாரதியோடு பத்துப் பேர் ஏறும் ஹயேஸ் வேனுக்கு டி முத்திரை வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். அடுத்தது பெயர். நம்மில் பலருக்கு லைசன்ஸில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று. வாடகைக் கார் தருகிறவர் லைசன்ஸ், கடவுச்சீட்டு, இந்தப் புத்தகம் மூன்றையும் வரிசையாக வைத்து ஒப்பிடுவார், முதலிலேயே திருத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் புத்தகம் உங்கள் லைசன்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அசல் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இதற்கு மதிப்பில்லை. அட்டை காலாவதியானால் இதுவும் செல்லாது. சீனா போகும் எண்ணம் இருந்தால், அங்கே இதை ஏற்பதே இல்லை.

கேள்வி: நிலாவெளியில் அறை வாடகைக்கு விடுகிறேன். வெள்ளைக்காரர்கள் ஸ்கூட்டர் கேட்கிறார்கள். அவர்களின் சர்வதேச அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துக் கொடுக்கலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: அது மட்டும் போதாது. இலங்கையில் ஓட்ட உள்ளூர் அங்கீகாரமும் அவர்கள் பெற்றிருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறகு மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டருக்கான ஏ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பலரிடம் பி மட்டுமே இருக்கும். காருக்கு அது போதும், ஸ்கூட்டருக்கு ஆகாது. விபத்து நடந்தால் அவரின் பயணக் காப்புறுதி முதலில் பார்ப்பது இதைத்தான், ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர் தலையில் விழலாம். ஏ இல்லாதவருக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள், ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்.