காரணியும் காரணமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புள்ளியியல் முதுகலை படிக்கிறேன். 1991 வளைகுடாப் போருக்குப் போய்வந்த சிப்பாய்களின் உடல்நலக் குறைகள் பற்றி ஆய்வேடு எழுதலாம் என்றிருக்கிறேன். 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு, காரணிப் பகுப்பாய்வு செய்து, அந்தப் போருக்கே உரிய நோய் என்று எதுவும் தென்படவில்லை என்று சொல்லிவிட்டது. அப்படியென்றால் அவர்கள் சொன்னதெல்லாம் மனப்பிரமைதானே? எண்கள் பொய் சொல்லாதே? இதற்கு எந்த மென்பொருள் நல்லது என்றும் சொல்லுங்கள்.

கா.

அன்புள்ள கா.,

இரண்டு வாரமாக இதேதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக வந்து மாட்டிக்கொண்டீர்கள். 'மனப்பிரமை' என்பதை அந்தக் கட்டுரையில் எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள்? முழுதாகப் படித்தீர்களா, சுருக்கத்தோடு எழுந்துவிட்டீர்களா?

காரணிப் பகுப்பாய்வு என்று பெயர் வைத்தவர் மேல் எனக்கு நெடுநாள் கோபம். காரணி என்றதும் நம் காதில் காரணம் என்றே விழுகிறது. அந்தக் கணக்கு காரணத்தைத் தேடுவதே இல்லை. தலைவலி உள்ளவருக்கு மறதியும் இருக்கிறதா, இருமுகிறவருக்கு மூச்சும் இரைக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். கூட்டாளிகளைக் காட்டும், கூட்டிவந்தவனைக் காட்டாது.

பிரிட்டிஷ்காரர்கள் வளைகுடா போனவர்கள், போஸ்னியா போனவர்கள், அந்தக் காலத்தில் ராணுவத்தில் இருந்தும் வளைகுடா போகாதவர்கள் என மூன்று குழுக்களை எடுத்தார்கள். மூன்றிலும் அறிகுறிகள் ஒரே மாதிரிதான் சேர்ந்தன: மனநிலையும் சிந்தனையும், மூச்சு, புற நரம்பு. ஆகவே தனி நோய்க்குச் சான்று இல்லை என்றார்கள். சரி. ஆனால் அதே ஆண்டு, அதே லான்செட்டில், அதே குழுக்களை வைத்து வந்த இன்னொரு கட்டுரை, வளைகுடா போனவர்களிடம் அறிகுறிகள் மற்ற இரு குழுக்களைவிட நன்றாகவே அதிகம் என்றது. அதை ஏன் விட்டீர்கள்?

இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்று கேட்பீர்கள். ஒரு முகாமில் 100 பேரில் 5 பேருக்கு, இன்னொன்றில் 30 பேருக்கு இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்தே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அதே காரணிதான் வரும். 5க்கும் 30க்கும் நடுவே இருந்த தூரம் எங்கே போனது? இரண்டு அறிகுறிகள் எவ்வளவு சேர்ந்து வருகின்றன என்று அளக்கும் தொடர்புக் கெழுவைப் போடும்போதே சராசரியைக் கழித்துத் தூக்கிப் போட்டுவிட்டோமே! முதுகலை மாணவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1998இல் அமெரிக்க விமானப்படையினரை ஆராய்ந்தவர்களும் காரணிப் பகுப்பாய்வு செய்தார்கள்தான். ஆனால் தலைகளையும் எண்ணினார்கள். களைப்பு, மனநிலை–சிந்தனை, தசை–மூட்டு வலி என்ற மூன்றில் குறைந்தது இரண்டு வகை ஆறு மாதமாக இருந்தால் கணக்கில் சேர்த்தார்கள். வளைகுடா போனவர்களில் 45 சதவீதம், போகாதவர்களில் 15. அமெரிக்க மருத்துவர் ஹேலி 1997இல் 249 பேரிடம் தனித்தனி அறிகுறித் தொகுப்புகளே கண்டார் என்று பதில் எழுதாதீர்கள். எல்லாரும் போருக்குப் போனவர்கள், ஒப்பிட ஆளில்லை. இதற்கெல்லாம் காரணம் நச்சு வாயுவுக்கு முன்காப்பாகக் கொடுத்த மாத்திரையா, பூச்சிக்கொல்லியா, எண்ணெய்க் கிணற்றுப் புகையா, சாரின் என்ற நச்சு வாயுவா என்பது வேறு பஞ்சாயத்து.

எண்கள் பொய் சொல்லாது என்றீர்கள். இளவயதில் சில மாதம் ஓர் உடல்நலக் கணக்கெடுப்புக்குத் தரவு அடித்துக் கொடுத்தேன். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. 'தூக்கமின்மை உண்டா?' என்பதற்கு ஒருவர் 'இல்லை' என்று குறித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் 'மாத்திரை போட்டால் தூங்கிவிடுவேன்' என்று எழுதியிருந்தார். மேற்பார்வையாளரிடம் காட்டினேன். ஓரத்துக்கு ஏது கட்டம் என்றார். 0 அடித்தேன். அப்புறம் வந்த படிவங்களில் நான் ஓரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். வேகம் கூடியது, கூலியும் கொஞ்சம் கூடியது. அந்தப் பென்சில் எழுத்து இன்னும் கண்ணில் நிற்கிறது, சாய்ந்த எழுத்து.

மென்பொருள் கேட்டிருந்தீர்கள் இல்லையா? எதுவானாலும் சரி. வினாத்தாளை முதலில் நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். ஆய்வேட்டின் முதல் வரைவை அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.