ஜப்பான் கறியில் ‘ரூ’ என்றால் என்ன?

வெண்ணெயில் வறுத்த மைதாதான் ரூ. நாகர்கோவில் பக்கம் மீன் குழம்பில் தேங்காயை மையாக அரைத்து விடுகிறோமே, குழம்பைக் கெட்டியாக்கும் அதே வேலைதான் இதற்கும்.

நான்கு பேருக்கு வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம். சிறுதீயில் செம்பழுப்பாகும்வரை கைவிடாமல் கிண்டுங்கள். கறுத்தால் கெட்டிப்படுத்தும் திறன் குறையும். அடுப்பை அணைத்த பிறகே ஒரு மேசைக்கரண்டி கறித்தூள். தீயில் கருகினால் கசக்கும்.

கொழுப்பு மாவுத் துகள்களைச் சூழ்ந்திருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து, சூட்டில் நீரை உறிஞ்சி உப்புகின்றன. கோழியும் காயும் வெந்த 700 மில்லி சாற்றில் முதலில் ஒரு கரண்டியை ரூவில் விட்டுக் குழைத்த பிறகே மீதிச் சாறு. மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும், அப்புறம் வடிகட்டத்தான் வேண்டும்.

பலர் நினைப்பதுபோல இந்தக் கறி இந்தியாவிலிருந்து நேரே ஜப்பானுக்குப் போனதல்ல, 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் வழியாகப் போனது.