முதலில் பிள்ளையின் பாஸ்போர்ட்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் என் அம்மா வீட்டில் ஆறு வயது மகனுடன் இருக்கிறேன். கணவர் பொள்ளாச்சிக்காரர், ஷார்ஜாவில் வேலை. பாலக்காடு குடும்ப நீதிமன்றம் மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்சம் தரச் சொன்னது. 14 மாதங்களாக ஒரு ரூபாய்கூட வரவில்லை. வராத மாதங்களைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். இப்படிப் பணம் கட்டாத தகப்பனுக்கு அமெரிக்காவில் பாஸ்போர்ட்டே கிடைக்காது என்று அங்கிருக்கும் சித்தப்பா மகன் சொல்கிறான். இங்கே முடியுமா? அடுத்த மாதம் அவர் லீவில் வரும்போது பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்துவிடலாம் என்கிறான் தம்பி. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை அனுப்பச் சொல்லி அவர் வாட்ஸ்அப்பில் வேறு கேட்டிருக்கிறார். அனுப்பலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பிறப்புச் சான்றிதழ், அதுதான் என்னைக் கலங்க வைத்தது. 14 மாதங்களாகப் பிள்ளையின் பால் செலவுக்குக்கூட அனுப்பாதவருக்கு இப்போது அது எதற்கு? குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுப்பதற்குத் தேவைப்படும் முக்கியமான காகிதம் அது. வேறு காரணமும் இருக்கலாம். ஆனாலும் அனுப்பாதீர்கள். அந்தச் செய்தியை அழித்துவிடவும் செய்யாதீர்கள். தேதி தெரியும்படி பிரதி எடுத்து வக்கீலிடம் கொடுங்கள்.

நான் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் திருப்பி அனுப்ப வகைசெய்யும் 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் சேரவில்லை, ஐக்கிய அரபு அமீரகமும் சேரவில்லை. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேர் விமானம் இருக்கிறது. பிள்ளை ஏறிவிட்டால் மீட்பதற்கு நீங்கள் அந்த நாட்டு நீதிமன்றப் படிகளில்தான் ஏற வேண்டியிருக்கும்.

உங்கள் கையெழுத்து இல்லாமல் அவர் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க முடியுமா என்றால், முடியவே முடியாது என்று சொல்வதற்கில்லை. தாய் தந்தை இருவரும் சம்மதித்துக் கையெழுத்திடும் படிவம் ஒன்று. மற்றவரின் சம்மதம் கிடைக்காதபோது ஒருவர் மட்டும் உறுதிமொழி கொடுத்து விண்ணப்பிக்கும் 'இணைப்பு சி' மற்றொன்று. உங்களைப் போன்ற தாய்மார்களுக்கு அந்த இரண்டாவது வழி பெரிய உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே கதவு அவருக்கும் திறந்திருக்கிறது. வழக்கு நடக்கும் குடும்பமென்றால், நீதிமன்றம் தடை விதிக்கவில்லை என்று அதில் உறுதி கூற வேண்டும். எனவே தடை உத்தரவு ஒன்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அதை மறைத்துப் பொய்த் தகவல் கொடுத்துப் பெற்ற பாஸ்போர்ட்டை முடக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

இதற்காகப் பொள்ளாச்சிக்கு அலைய வேண்டியதில்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும்; உங்களுக்கு அது பாலக்காடு. நீதிமன்ற அனுமதியின்றி மகனை நாட்டைவிட்டு அழைத்துப்போகக் கூடாது, என் சம்மதமின்றி அவனுக்குப் பாஸ்போர்ட் தரக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேளுங்கள். அவர் வருவதற்குள் கிடைக்கும்படி அவசர மனுவாகப் போடச் சொல்லுங்கள். உத்தரவின் நகலைக் கோவை, கொச்சி, கோழிக்கோடு பாஸ்போர்ட் அலுவலகங்களுக்கும் துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். 2018 முதல் நாட்டின் எந்த ஊரிலிருந்தும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றாகிவிட்டதால் ஓர் அலுவலகத்தோடு நிறுத்த வேண்டாம்.

இனி அவருடைய பாஸ்போர்ட். உங்கள் சித்தப்பா மகன் சொன்னது உண்மைதான். அமெரிக்காவில் பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை 2,500 டாலருக்கு மேல் நிலுவையானால் பாஸ்போர்ட் மறுக்கப்படும். நம் நாட்டில் அப்படி நிலுவைக் கணக்கை வைத்துத் தானாக விழும் பூட்டு கிடையாது. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், பிரிவு 10(3)-இல், நீதிமன்றம் வாரண்ட் பிறப்பித்திருந்தாலோ நாட்டைவிட்டுப் போகத் தடை விதித்திருந்தாலோ பாஸ்போர்ட்டை முடக்கலாம் என்கிறது. 'முடக்கலாம்' என்றுதான் சொல்கிறது, முடக்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த அதிகாரமும் பாஸ்போர்ட் அதிகாரிக்குத்தான், போலீசுக்கு இல்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. போலீசுக்கே இல்லாத அதிகாரம் தம்பிக்கு எங்கிருந்து வரும்? அவனைத் தடுத்து நிறுத்துங்கள். பாஸ்போர்ட் அரசின் சொத்து. அதை ஒளித்தால் பணம் கேட்டு வழக்கு நடத்தும் நீங்கள் திருட்டுப் புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஒரு வேளை அவரது பாஸ்போர்ட் முறையாகவே முடங்கினாலும் வேலை போய்விடும், பிறகு 8,000 ரூபாய் எங்கிருந்து வரும்? அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வழி அந்தக் காலண்டரில் இருக்கிறது. தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அதை வசூலிக்க வாரண்ட் கிடைக்கும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் இதுவரை வசூல் மனுவே போடவில்லையென்றால், 14 வட்டங்களில் முதல் இரண்டு இந்த வழியிலிருந்து ஏற்கெனவே நழுவிவிட்டன. அந்த 16,000 ரூபாய் உங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. வசூலிக்க வேறு வழியில் போக வேண்டும், அவ்வளவுதான். மீதி 12 மாதங்களுக்கு 96,000 ரூபாய். பொள்ளாச்சிப் பக்கம் அவர் பெயரில் தென்னந்தோப்போ வங்கிக் கணக்கோ இருந்தால் விவரம் சேகரியுங்கள். பாலக்காட்டு உத்தரவை வாளையாறு தாண்டியும் செயல்படுத்தலாம். மாநில எல்லை இதற்குத் தடையில்லை. வாரண்டுக்குப் பிறகும் கட்டாவிட்டால், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. லீவில் அவர் ஊரிலிருக்கும் நாட்கள் அதனால் முக்கியம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உரிமை. 15100 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது உங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் தாலுகா சட்டப் பணிகள் குழுவை நேரில் பாருங்கள். மலையாளத்தில் எழுதத் தயக்கமிருந்தால் தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டுமென்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மகன் தகப்பனோடு போனில் பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நீதிபதி அதைக் கட்டாயம் கேட்பார். நீதிபதி கேட்காவிட்டாலும் நாளைக்கு மகன் கேட்பான்.

போகும்போது ஜீவனாம்ச உத்தரவு, வங்கிப் புத்தகம், வாட்ஸ்அப் பிரதி, அந்தக் காலண்டர் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போங்கள். இந்த வாரமே போங்கள். அடுத்த மாதம் பிறந்தால் மூன்றாவது வட்டமும் நழுவிவிடும்.