ஒரே பள்ளியில் இரண்டு நோபலா?

கேள்வி: அயர்லாந்தில் ஒரு கத்தோலிக்க ஆண்கள் கிராமர் ஸ்கூலில் படித்த இருவருக்கு நோபல் பரிசு கிடைத்திருக்கிறதாமே, உண்மையா? அது என்ன வகைப் பள்ளி?
– வாசகர், நாகர்கோவில்

உண்மைதான். வட அயர்லாந்தில் டெரி நகரத்துச் செயின்ட் கொலம்ப்ஸ் கல்லூரி. பெயரில்தான் கல்லூரி, மற்றபடி அது பள்ளிக்கூடம். 1995-இல் இலக்கிய நோபல் பெற்ற கவிஞர் சீமஸ் ஹீனி, 1998-இல் டேவிட் டிரிம்பிளோடு சேர்ந்து அமைதி நோபல் பெற்ற ஜான் ஹியூம், இருவரும் அங்கே படித்தவர்கள். நாடகாசிரியர் பிரையன் ஃபிரீலும் அந்தப் பள்ளிதான்.

அப்படி என்ன மந்திரம் அங்கே என்று தோன்றும். என்னைக் கேட்டால், ஒரு சட்டத்தைத்தான் முதலில் சொல்வேன். டெரி மறைமாவட்டம் 1879-இல் தொடங்கிய பள்ளி இது. குருமடத்துக்குப் பையன்களைத் தயார்செய்வது முக்கிய நோக்கம். பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் ஃபாதர்கள். லத்தீன் உண்டு, அடியும் உண்டு. சம்பளம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் வந்தார்கள். 1947-இல் வந்த கல்விச் சட்டம் அதை மாற்றியது. பதினோரு வயதில் ஒரு தேர்வு. தேறினால் கிராமர் ஸ்கூலில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் மேல்நிலைப் பள்ளியில், இலவசமாகப் படிக்கலாம். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து, பிறகு வேலையில்லாமல் போன ஒருவரின் மூத்த மகன் ஹியூம். ஏழு பிள்ளைகள் உள்ள வீடு. அந்தத் தேர்வு இல்லையென்றால் அவர் பள்ளி வாசலைத் தாண்டியிருப்பாரா?

ஹீனி விவசாயி வீட்டுப் பிள்ளை. 1951-இல் பன்னிரண்டு வயதில் விடுதிக்கு வந்தார். வீட்டு ஏக்கத்தில், பெற்றோர் விட்டுச்சென்ற பிஸ்கட்டைக்கூடத் தின்ன முடியாமல் ஒரு செப்டம்பர் இரவில் வேலிக்கு அப்பால் வீசியதை அவரே கவிதையில் சொல்லியிருக்கிறார். நானும் ஹாஸ்டலில் வளர்ந்தவன். டிரங்குப் பெட்டியில் அம்மா வைத்த முறுக்கை முதல் வாரம் தொடக்கூட மனம் வரவில்லை. ஆகவே அந்தப் பிஸ்கட் எனக்கு நன்றாகப் புரிகிறது. அதே ஹீனிக்கு வகுப்பில் கிடைத்த தோழர் சீமஸ் டீன், பின்னாளில் பெரிய விமர்சகர். ஃபிரீல் 1980-இல் டெரியில் நடிகர் ஸ்டீபன் ரேயோடு தொடங்கிய ஃபீல்ட் டே நாடகக் குழுவில் ஹீனியும் டீனும் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஆனார்கள்.

ஹியூம் படித்த பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பி வந்தார். 1960-இல் ஊர்க்காரர்களுக்காகக் கடன் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1965-இல் வட அயர்லாந்தின் இரண்டாவது பல்கலைக்கழகம் டெரிக்கு இல்லை, கொலரெய்ன் என்ற ஊருக்கு என்று அரசு முடிவெடுத்தபோது, ஊரைத் திரட்டி எதிர்த்தவரும் அவர்தான். டெரியில் கத்தோலிக்கர்கள்தான் பெரும்பான்மை. ஆனால் வார்டுகளைப் பிரித்த விதத்தால் நகராட்சி யூனியனிஸ்டுகள் கையில், அதாவது பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பவர்கள் கையில், இருந்தது. படித்து முடித்த பிள்ளைகள் இதைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1968 அக்டோபர் 5 அன்று நடந்த குடிமை உரிமைப் பேரணியை ஒழுங்குசெய்தவர்களில் ஒருவரான ஈமன் மக்கானும் இதே பள்ளி மாணவர்தான்.

கேள்வி: அந்தப் பதினோரு வயதுத் தேர்வு இப்போதும் உண்டா?
– வாசகி, திருச்சி

அரசு நடத்திய தேர்வு 2008-ஓடு நின்றது. அப்புறம் பள்ளிகளே தனித்தனியாகத் தேர்வு வைத்தன. 2023-இலிருந்து பெரும்பாலான கிராமர் ஸ்கூல்களுக்குப் பொதுவாக ஒரே தேர்வு. செயின்ட் கொலம்ப்ஸ் இப்போது பன்கிரானா சாலையில் இருக்கிறது. ஹீனி படித்த பிஷப் தெரு வளாகத்தில் இன்று இருபாலரும் படிக்கும் இன்னொரு கிராமர் ஸ்கூல் நடக்கிறது.

ஹியூமுக்குக் கதவு திறந்த அதே தேர்வுதான் அவர் தெருவில் பல பிள்ளைகளுக்குக் கதவை மூடியது. தேறாதவர்கள் வேறு பள்ளிக்குப் போனார்கள்; அங்கிருந்து பல்கலைக்கழகம் போவது அரிது. பதினோரு வயதில் ஒரு குழந்தையை இப்படிப் பிரிப்பதை என்னால் ஏற்கவே முடியாது. இலவசக் கல்வியை வைத்துக்கொண்டு தேர்வை எடுத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி.