அம்மாவின் மாத்திரைச் செலவைக் குறைப்பது எப்படி?

கேள்வி: அம்மாவுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் தினமும் மாத்திரை. மாதா மாதம் மருந்துக்கே பெரிய தொகை போய்விடுகிறது. செலவைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் போதும்" என்று அம்மா தானாகவே முடிவு செய்துவிட்டார். இது சரியா? வேறு எதில் குறைக்கலாம்?

பதில்: நாள் விட்டு நாள் போடுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், மாத்திரையில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு நாள் செலவுக்குக்கூடக் காணாது. மருந்தின் அளவில் கை வைக்காமலே குறைக்க வழி இருக்கிறது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதில் ஒன்று கம்பெனி வைத்த பெயர். அதோடு மெட்ஃபார்மின் 500 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. என்பது போல ஒரு வரியும் இருக்கும். வேலை செய்யும் மருந்து அதுதான். காப்புரிமை முடிந்த மருந்தை, அனுமதி பெற்ற வேறு கம்பெனிகளும் ஜெனரிக்காகத் தயாரிக்கலாம்; புதிதாகக் கண்டுபிடிக்கும் செலவு அவர்களுக்கு இல்லை, அதனால் விலை குறையும். நான் சொன்ன இரண்டுமே பழைய மருந்துகள், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. மாற்றி வாங்கும்போது மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒத்துப்போக வேண்டும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. புதிய அட்டையிலும் அதே வகைதான் இருக்க வேண்டும். அந்த வகையை மருத்துவர் சொல்லாமல் உடைத்தும் போடக் கூடாது.

தைராய்டுக்கான லெவோதைராக்சின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்பு மாத்திரைகள் ஆகியவற்றில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கம்பெனியை மாற்றாதீர்கள். ரத்தத்தில் அவற்றின் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சிக்கல்.

அப்புறம், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் உள்ள அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மேஜையில் பரப்பிவைத்து, "இதில் இப்போதும் தேவையானது எது, நிறுத்தக்கூடியது எது?" என்று கேளுங்கள். எப்போதோ ஒரு வாரம் வலி மாத்திரை கொடுத்திருப்பார்கள், வயிறு புண்ணாகாமலிருக்கக் கூடவே பான்டோப்ரசோலும் எழுதியிருப்பார்கள். வலி மாத்திரை நின்றிருக்கும், பான்டோப்ரசோல் மட்டும் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு மருத்துவர்களைப் பார்ப்பவர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவதும் உண்டு. அது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. வயதானவர்கள் வீட்டில் இந்த ஒரு கேள்வியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

கேள்வி: நிறைய டெஸ்டுகளை ஒரே பேக்கேஜாக எடுத்தால் லாபம்தானே?

பதில்: தேவையில்லாத டெஸ்ட் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வீண் செலவுதான். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போடும் எல்லையைப் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வைக்கிறார்கள். அப்படியென்றால் நோயே இல்லாதவருக்கு 20 டெஸ்ட் எடுத்தாலும் ஒன்று எல்லை தாண்டி வர வாய்ப்பு அதிகம். அதைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், மறு டெஸ்ட் என்று செலவு நீளும். வயதுக்கும் குடும்பத்தில் உள்ள நோய்க்கும் ஏற்றதை மருத்துவரிடம் கேட்டு அதை மட்டும் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் வைத்திருந்தால் எடுத்ததையே திரும்ப எடுக்க வேண்டியிருக்காது. எச்.பி.ஏ.1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, மாதா மாதம் எடுப்பதில் பெரிய பயன் இல்லை.

கேள்வி: ஆஸ்பத்திரி பில்லில் மொத்தத் தொகை மட்டும் கொடுத்தார்கள். என்ன செய்வது?

பதில்: பணம் கட்டும் முன்பே விவரமான பில் கேளுங்கள். வாங்கிய மருந்து, எடுத்த டெஸ்ட், தங்கிய நாள் எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு வைத்துப் பாருங்கள். திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.