ரோமெக்ஸ் ஒயரை பைப்புக்குள் விடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பூச்சு வேலை முடியாத பேஸ்மென்ட் சுவரில் வேலைமேசைக்கு ஒரு பிளக் பாயிண்ட், பின்பக்கத் தோட்டத்து ஷெட்டுக்கு ஒரு லைன், இரண்டுக்கும் சேர்த்து 250 அடி மஞ்சள் ரோமெக்ஸ் ரோல் (வீட்டுக்குள் ஒயரிங்குக்குப் போடும் பிளாஸ்டிக் உறைக் கேபிள், 12-2 அளவு) வாங்கிவிட்டேன். பைப்புக்குள் ரோமெக்ஸ் விடவே கூடாது என்கிறார் நண்பர். பைப் போட்டால் எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்கிறார் கடைக்காரர். எது சரி?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. ரோலை இன்னும் பிரிக்கவில்லை என்றால் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

முதலில் பேஸ்மென்ட். நண்பர் சொல்வதுபோல அப்படி ஒரு தடை அமெரிக்க மின் கோடில் (என்இசி எனும் மின்வேலை விதித்தொகுப்பில்) கிடையாது. அடிபடக்கூடிய இடத்தில் கேபிளுக்குப் பாதுகாப்பாக பைப் போடச் சொல்வதே அந்தக் கோடுதான், பேஸ்மென்ட் சுவரில் பைப்புக்குள் விடுவதற்கு 334.15 பிரிவு வெளிப்படையாக அனுமதி தருகிறது. கேபிள் நுழையும் பைப் வாயில் புஷ்ஷிங் (விளிம்பை மூடும் வளையம்) மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய பைப்பின் விளிம்பு மேலுறையைக் கிழித்துவிடும். நுழையும் இடத்திலிருந்து 12 அங்குலத்துக்குள் கேபிளை ஸ்டேபிள் அடித்து நிறுத்துங்கள். மேலுறை பிளக் பெட்டிக்குள் கால் அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். இஎம்டி போன்ற இரும்பு பைப் என்றால் அதையும் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். ஒரே ஒரு 12-2 கேபிளுக்கு அரை அங்குல இஎம்டி போதும். ஆனால் வளைவுகள் இருந்தால் தட்டைக் கேபிளை இழுப்பதற்குள் கை நொந்துவிடும், அதனால் முக்கால் அங்குலமே வாங்குங்கள். பிளக்குக்கு ஜிஎஃப்சிஐ பாதுகாப்பும் (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் அமைப்பு) கட்டாயம்.

அப்புறம் ஷெட். இங்கேதான் கடைக்காரர் சொன்னதை நம்பக் கூடாது. பைப்புக்குள் தண்ணீர் போகாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் மண்ணுக்கடியில் போகும் பைப்பின் உட்பகுதியையும், வெளியில் மழை படும் இடத்தில் இருக்கும் பைப்பின் உட்பகுதியையும் கோடு ஈரமான இடமாகவே கணக்கில் வைக்கிறது, ஏனென்றால் ஒட்டு எவ்வளவு நன்றாகப் போட்டாலும் உள்ளே காற்று குளிர்ந்து தண்ணீர் கட்டும். ரோமெக்ஸின் மேலுறைக்குள் வெறும் செம்புக் கம்பியைச் சுற்றிப் பழுப்புக் காகிதம் இருக்கும். ஒரு முனையில் ஈரம் பட்டால் திரிபோல அது உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும். அந்தக் கேபிளை ஈரத்தில் போட அனுமதி இல்லை.

சரி, மேலுறையை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் கறுப்பு, வெள்ளை ஒயர்களை மட்டும் பைப்பில் இழுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதுவும் ஆகாது. அந்த ஒயர்களின் மேல் வகை, அளவு எதுவும் அச்சிடப்பட்டிருக்காது, அதனால் அதைத் தனி ஒயராக இன்ஸ்பெக்டர் ஏற்கமாட்டார்.

ஷெட்டுக்கு பிவிசி பைப்பும் ஈரத்திலும் போடக்கூடிய டிஹெச்டபிள்யூஎன்-2 வகைத் தனி ஒயர்கள் மூன்றும் (கறுப்பு, வெள்ளை, பச்சை) வாங்குங்கள். பைப்பின் மேல் 18 அங்குல மண் இருக்க வேண்டும், ஜிஎஃப்சிஐ பாதுகாப்புள்ள 120 வோல்ட், 20 ஆம்ப் லைன் என்றால் 12 அங்குலம் போதும். பைப் வேண்டாமென்றால் மண்ணில் புதைக்கவென்றே செய்த யூஎஃப்-பி கேபிளை 24 அங்குல ஆழத்தில் நேரடியாகப் புதைக்கலாம், ஆனால் மண்ணிலிருந்து மேலேறும் இடத்தில் அதற்கும் பைப் வேண்டும். வீட்டுக்குள் வரும் ரோமெக்ஸையும் வெளியே போகும் ஒயரையும் ஒரு ஜங்ஷன் பெட்டியில் சேர்த்துவிடலாம்.

ஆக, ரோமெக்ஸ் உங்களுக்குத் தேவை பேஸ்மென்டுக்கு மட்டும்தான். 250 அடி ரோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 50 அடிச் சுருள் வாங்குங்கள், வெட்டிய ஒயரைக் கடைகள் பெரும்பாலும் திருப்பி எடுப்பதில்லை. பெர்மிட் எடுக்கும்போதே இன்ஸ்பெக்டரிடம் உள்ளூர் விதியையும் கேட்டுவிடுங்கள், சில மாநிலங்களில் அது ஊருக்கு ஊர் மாறும்: சிகாகோவில் வீட்டுக்குள்ளேயே ரோமெக்ஸுக்கு இடமில்லை, பெரும்பாலும் இரும்பு பைப்தான். பள்ளம் தோண்டுவதற்குச் சில நாட்கள் முன்பே 811க்கு போன் செய்யுங்கள், கேஸ் குழாய் எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள்.