ஒரே மட்டையோடு கடற்கரையில் வளர்ந்த செவே: கேட்டதும் சொன்னதும்

சென்னையில் கோல்ஃப் மைதானத்தில் வருஷக்கணக்காக ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கிவிட்டு இப்போது பாம்பனில் இருக்கிறேன். பேச்சுவாக்கில் ஸ்பெயின் நாட்டு கோல்ஃப் ஆட்டக்காரர் செவே பாலெஸ்டெரோஸ் பெயரை எடுத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தொண்டியிலிருந்து: அண்ணே, கோல்ஃப் பணக்காரங்க ஆட்டம். கடலோரக் கிராமத்துப் பையன் எப்படி உள்ளே போனார்?

பை தூக்கித்தான் தம்பி. 1957இல் பெத்ரெஞ்ஞாவில் பிறந்தார், சாந்தாந்தேர் நகரத்துக்கு எதிரே, வளைகுடாவின் மறுகரையில் இருக்கிற ஊர். அப்பாவுக்கு மாடு, நிலம், அதோடு துடுப்புப் படகுப் போட்டியில் நல்ல பெயர் (உங்க ஊர்ப்பக்கம் பாய்மரப் போட்டி பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயரின் மதிப்பு தெரியும்). ஊரிலேயே பெரிய கோல்ஃப் மைதானம் இருந்தது, ஆனால் பை தூக்கும் பையன்கள் அதில் ஆடக் கூடாது. நிலா வெளிச்சத்தில் திருட்டுத்தனமாக நுழைந்து ஆடுவார், பகலில் கடற்கரை. தாய்மாமன் ரமோன் சோத்தா பெரிய ஆட்டக்காரர், 1965இல் அமெரிக்காவின் பெரிய போட்டியான மாஸ்டர்ஸில் ஆறாவது இடம் பிடித்தவர். அண்ணன்மார் மூன்று பேரும் ஆட்டத்தையே தொழிலாக எடுத்தவர்கள். அதனால் வழி காட்ட ஆளில்லாத பையன் என்று யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள். காசும் அனுமதியும்தான் இல்லை. 16 வயதில் அவரும் தொழில்முறைக்கு வந்துவிட்டார்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, ஒரே மட்டைய வச்சுப் பழகினார்னு சொன்னீங்க. அது நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. துருப்பிடித்த மட்டைத் தலையில் குச்சியைச் செருகி, கூழாங்கல்லை அடித்து ஆரம்பித்தவர், அப்புறம் அண்ணன் மனுவேல் ஒரு 3 அயர்ன் (3ஆம் எண் இரும்பு மட்டை) கொடுத்தார். 3 அயர்னின் முகம் கிட்டத்தட்ட நிமிர்ந்தே இருக்கும், பந்து தாழ்வாக, நீளமாகப் போவதற்கு உண்டான மட்டை அது. மணலில் இருந்து பந்தை உயரத் தூக்கிச் சொத்தென்று இறக்க வேறு சாய்ந்த முக மட்டை வேண்டும், அது அவரிடம் இல்லை. அதனால் முகத்தை வானம் பார்க்கத் திருப்பி, முழங்காலை மடக்கி, கையைத் தாழ்த்தி, வெளியிலிருந்து உள்நோக்கி அறுக்கிற மாதிரி வீச வேண்டியிருந்தது. அலை நனைத்த மணல் கெட்டி, மட்டை துள்ளிவிடும். மேலே காய்ந்த மணலில் புதைந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் கை தானே கணக்குப் போடப் பழகிவிடுகிறது. பிற்காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் முன்னாலேயே பங்கர் என்கிற மைதானத்து மணல் குழியில் இருந்து 3 அயர்னால் அடித்துக் காட்டி வாயடைக்க வைப்பார். பை நிறைய மட்டையோடு பழகியிருந்தால் அந்தக் கை வந்திருக்காது என்பது என் கட்சி.

தேவிபட்டினத்திலிருந்து: கார் நிறுத்துற இடத்துல அடிச்சு ஜெயிச்சாராமே, அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லையா?

1979, இங்கிலாந்தில் ராயல் லித்தம் மைதானம், ஓப்பன் என்கிற பெரிய போட்டியின் கடைசி நாள், 16ஆவது குழி. முதல் அடி வலப்பக்கம் தற்காலிகமாகக் கார் நிறுத்தியிருந்த இடத்துக்கே போய்விட்டது. விதிப்படி பந்தை அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் போட்டு அடித்து, குழியைச் சுற்றி இருக்கிற பச்சைத் தரைக்குக் கொண்டுவந்து, அடுத்த அடியிலேயே குழியில் இறக்கிவிட்டார். நாலு அடிக்கு உண்டான குழி மூன்றில் முடிந்தது. கேலி பேசியவர்கள் உண்டு, ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கம் புல் மிதிபட்டுக் கிடக்கிறது என்று பார்த்தே அந்தப் பக்கம் அடித்ததாக அவர் சொன்னார். நான் பாதிதான் நம்புகிறேன். அவ்வளவு வலப்பக்கம் யாரும் வேண்டுமென்றே அடிக்க மாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் பயப்படுகிற இடம் இவருக்குப் பழகிய இடம், அதனால் ஓங்கி அடிக்கத் தயங்கவே மாட்டார். மற்றவர்களைவிட மூன்று அடி குறைவாக அடித்து ஜெயித்தார், பின்னால் நின்றவர்களில் பெரிய அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸும் ஒருவர்.

மண்டபத்திலிருந்து: மொத்தம் எத்தனை பட்டம்?

பெரிய போட்டிகள் ஐந்து: ஓப்பன் 1979, 84, 88, மாஸ்டர்ஸ் 1980, 83. மாஸ்டர்ஸ் ஜெயித்த முதல் ஐரோப்பியர் இவர்தான். ஐரோப்பியச் சுற்று என்கிற தொழில்முறைப் போட்டி வரிசையில் 50 வெற்றி.

சாயல்குடியிலிருந்து: தோத்த கதையும் சொல்லுங்க மாமா.

1980 யு.எஸ். ஓப்பனில் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு வந்து சேராமல் தகுதி இழந்தார், அதை விடுங்கள். வலித்தது 1986 மாஸ்டர்ஸ். அப்பா இறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. கடைசி நாள் முன்னணியில் இருந்தவர், 15ஆவது குழியில் 4 அயர்னால் அடித்த பந்து நேரே குளத்துக்குள் போனது. 46 வயது நிக்லஸ் பட்டத்தை எடுத்துப் போனார்.

ஏர்வாடியிலிருந்து: அண்ணே, ரைடர் கப்னா என்ன? அதுல இவர் என்ன செஞ்சார்?

அமெரிக்காவோடு மோதும் அணிப் போட்டி தங்கச்சி. எதிரணியில் பிரிட்டனும் அயர்லாந்தும் மட்டும் இருந்த காலத்தில் அமெரிக்கா ஜெயித்துக்கொண்டே இருந்தது, 1979இல் ஐரோப்பா முழுவதையும் சேர்த்தார்கள், செவே உள்ளே வந்தார். 1985இல் கோப்பை ஐரோப்பாவுக்கு, 1987இல் அமெரிக்க மண்ணிலேயே முதல் வெற்றி. இன்னொரு ஸ்பெயின்காரர் ஹொசே மரியா ஒலசாபலோடு ஜோடி சேர்ந்து 15 ஆட்டத்தில் 11 வெற்றி. 1997இல் ஸ்பெயினில் அவரே ஆடாத தலைவர், வண்டியில் மைதானம் முழுக்கச் சுற்றி ஒவ்வொருவருக்கும் எப்படி அடிப்பதென்று சொல்லிக்கொடுத்துத் தொல்லை பண்ணியே ஜெயித்தார்!

பாம்பனிலிருந்து: ஏன் சீக்கிரம் மங்கிட்டார்?

முதுகு. சின்ன வயதிலேயே தொடங்கிய வலி. கடைசிப் பட்டம் 1995 ஸ்பானிய ஓப்பன், 38 வயதுதான். 2008இல் மாட்ரிட் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தபோது மூளைக் கட்டி தெரிந்தது. 2011 மே மாதம் போய்விட்டார், 54 வயது.

மூக்கையூரிலிருந்து: நம்ம கரையில பையனுக்குப் பழக்கலாமா?

தாராளமாக. முகம் இன்னும் சாய்ந்த பழைய 7 அயர்ன் ஒன்று போதும், 3 அயர்னில் ஆரம்பித்தால் பையன் இரண்டே நாளில் விட்டுவிடுவான். வலை உணத்துகிற இடம், படகு ஏற்றுகிற இடம் வேண்டாம், பந்து கல் மாதிரி, மண்டையில் பட்டால் ஆள் காலி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாழ்வாக அடிக்கப் பழக்குங்கள். முக்கியமாக, கடலுக்கு முதுகைக் காட்டி நிலத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் ஏற்கெனவே கிடக்கிற பிளாஸ்டிக் போதும்.